பழைய ஜிப்ஸியை வாங்கலாமா: இரண்டு வண்டிகள், ஒரு முடிவு

பின்னணி

கீழ்ப் பழனி மலையில், தாண்டிக்குடி பக்கம் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம். ஊடுபயிர் மிளகும் வாழையும். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை, அதில் கடைசி 800 மீட்டர் செங்குத்துச் சரிவு. கோடையில் சாதாரண வண்டியே தட்டுத் தடுமாறி ஏறிவிடும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் செம்மண் சவுக்காரம் போல வழுக்கும், பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வண்டி நின்ற இடத்திலேயே குழி தோண்டும்.

தோட்டக்காரர் அதுவரை வாடகை ஜீப்பையே நம்பியிருந்தார். ஒரு நடைக்கு 1,200 ரூபாய், மாதம் சராசரி ஆறு நடை. ஆண்டுக்கு 86,400 ரூபாய். சொந்த வண்டி வைத்தாலும் பெட்ரோல், இன்சூரன்ஸ், பழுது என்று ஆண்டுக்கு 40,000 ரூபாயாவது போகும். ஆக மிச்சம் 46,000 சொச்சம். நாலு லட்சம் போட்டால் முதல் திரும்ப எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். வெறும் பணக் கணக்கில் இது லாபமான வேலை இல்லை, அதைத் தோட்டக்காரரும் வண்டி பார்க்கக் கூட வந்த மெக்கானிக்கும் முதலிலேயே பேசித் தெளிவுபடுத்திக்கொண்டார்கள். காரணம் வேறு: மார்கழி, தை மாதங்களில் காப்பிப் பழம் பறிக்கும்போது எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நேரத்தில் ஜீப் வேண்டும். பழுத்த பழம் மூட்டையில் இரண்டு நாள் கிடந்தால் புளித்துவிடும்.

பட்ஜெட், எல்லாச் செலவும் சேர்த்து நாலு லட்சம். சுமை ஒரு நடைக்கு 250 கிலோ, கூட இரண்டு ஆள். பாதை குறுகல், இரண்டு கொண்டை ஊசி வளைவு. இதையெல்லாம் வைத்துப் பார்த்துத்தான் நாலு சக்கர இழுவையுள்ள மாருதி ஜிப்ஸி கிங் என்று முடிவானது. 1,298 சிசி பெட்ரோல் எஞ்சின், 80 குதிரைத் திறன், எடை ஏறத்தாழ ஒரு டன். டீசல் ஜீப்புகளின் இழுவை இதற்குக் கிடையாது. ஆனால் எடை குறைவு, லோ கியர் (வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது) இருக்கிறது, முன்னும் பின்னும் ஒரே துண்டான ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும், எந்த மலையூர் பட்டறையிலும் கைவைக்கத் தெரிந்த வண்டி.

முதல் வண்டி: காகிதம்

2023 ஜூலையில் மதுரையில் ஒரு வண்டி வந்தது. 2006 பதிவு, மூன்றாவது உரிமையாளர், மீட்டரில் 1,12,000 கிலோமீட்டர், கேட்ட விலை 3,60,000. வெளியில் பார்க்க மிரட்டலாக இருந்தது: மேட் கறுப்பு பெயின்ட், கம்பி பம்பர், வின்ச், அகல டயர், மேலே இரும்புக் கூரை.

வண்டியைப் பார்க்கும் முன்பே ஆர்சி விவரத்தை எம்பரிவாகன் செயலியில் பார்த்தார்கள். மூன்று விஷயம் வெளிப்பட்டது. ஒன்று, வங்கிக் கடன் முடிந்து வருஷக்கணக்காகியும் எச்பி (வண்டி கடனில் இருப்பதாக ஆர்சியில் உள்ள குறிப்பு) நீக்கப்படவில்லை. வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பெயர் மாற்றம் நகராது. இரண்டு, ஆர்சியில் வண்டி துணிக்கூரை என்று இருக்கிறது, நிற்பதோ இரும்புக் கூரையோடு. பதிவு விவரத்துக்கு மாறான இந்த மாற்றம் ஒப்புதல் பெற்று ஆர்சியில் ஏற்றப்படவில்லை. 15 ஆண்டு முடிந்து 2021-ல் ஒரு முறை பதிவு புதுப்பித்திருக்கிறார்கள், அடுத்தது 2026. அன்றைக்கு ஆய்வாளர் முன்னால் நிற்கப் போவது வாங்கியவர்தான். முன்பக்கக் கம்பி பம்பர் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொன்ன சமாச்சாரம், எஃப்சிக்கு (தகுதிச் சான்று ஆய்வுக்கு) போகும்போது கழற்றியே ஆக வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். பதிவெண் டிஎன் 69-ல் தொடங்கியது. தூத்துக்குடி. முதல் உரிமையாளரிடம் எட்டு ஆண்டு அங்கேயே ஓடியிருக்கிறது. உப்பளத்துக் காற்று பட்ட வண்டி என்றால் பார்வை எஞ்சினுக்குப் போகும் முன் அடிக்குப் போக வேண்டும்.

முதல் வண்டி: அடியில் கண்டது

எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். பானெட்டைத் தொட்டபோது குளிர்ச்சியாகவே இருந்தது, விற்பவர் வாக்குத் தவறவில்லை. முதல் சாவியிலேயே பிடித்தது, புகை இல்லை. நாலு பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்ததில் 172, 168, 170, 165 பிஎஸ்ஐ. பதினேழு வருஷ எஞ்சினுக்குப் பரவாயில்லாத அளவு. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை, இங்கே ஐந்துகூட இல்லை. பெரும்பாலோர் இந்த இடத்திலேயே முன்பணம் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து நாலு சக்கர இழுவை. "ஃபோர் வீல் எல்லாம் பக்காண்ணே, லைட்டு எரியுது பாருங்க" என்றார் விற்பவர். லைட் எரிந்தது உண்மை. ஆனால் அந்த விளக்கு டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) லீவர் விழுந்ததைத்தான் காட்டும், முன்சக்கரம் இழுக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஜிப்ஸியில் இரண்டு முன்சக்கர ஹப்பிலும் கையால் திருகும் லாக் உண்டு, அது உள்ளே பிடிக்காவிட்டால் ஆக்ஸில் மட்டும் சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும்.

இதைச் சோதிக்க ஓட்ட வேண்டியதுகூட இல்லை. பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். இரண்டு ஹப்பும் லாக், டிரான்ஸ்ஃபர் லீவர் நாலு ஹை (நாலு சக்கர இழுவை, சாதாரண வேகம்), கியர்பாக்ஸ் முதல் கியரில், எஞ்சின் ஆஃப். இப்போது முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அசையாது. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மறுபக்கச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்ற வேண்டும். இந்த வண்டியில் மறுபக்கம் அசையவே இல்லை. அப்படியானால் ஏதோ ஒரு ஹப் பிடிக்கவில்லை. மூடியைக் கழற்றியதில் வலது ஹப்பில் கிரீஸ் மெழுகு போல இறுகி, உள்வளையம் நகர மறுத்து நின்றது. பல வருஷமாக யாரும் நாலு சக்கரத்தில் ஓட்டவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சக்கரம் மேலே இருக்கும்போதே மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார்கள். ஆட்டம் இருந்தது. ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மறுபடி ஆட்டியதில் ஆட்டம் குறையவே இல்லை. பிரேக் மிதித்ததும் ஆட்டம் போயிருந்தால் வீல் பேரிங். போகவில்லை, ஆகவே முன்சக்கரம் திரும்பும் மூட்டான நக்கிளில் உள்ள கிங்பின் பேரிங். நக்கிள் உருண்டையின் கீழே கறுப்பு எண்ணெய் கசிந்து டயரின் உள்பக்கம் வரை கோடு போட்டிருந்தது. ஆக்ஸில் ஹவுசிங் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து நக்கிள் கிரீஸைக் கரைத்துவிட்டது என்று அர்த்தம். இது வேலைதான், பயப்படும் விஷயம் இல்லை.

பயப்பட வேண்டியது பின்னால் இருந்தது. ஃபிரேம் முழுக்க அண்மையில் அடித்த அண்டர்கோட்டிங், பளபளவென்று. பதினேழு வருஷ வண்டிக்கு அடியில் புதுச் சாயம் என்றால் ஒன்று உரிமையாளர் அக்கறைக்காரர், இல்லாவிட்டால் மறைக்கிறார். சின்னச் சுத்தியலால் ஒரு அடிக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே வந்தார் மெக்கானிக். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும். இடது பின் ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) தொங்கும் இடத்துக்கு வந்ததும் ஒலி மாறியது, மரக்கட்டையைத் தட்டியது போல. சாயத்தைச் சுரண்டியதில் 12 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு தகட்டு ஒட்டு, சுற்றிலும் கரடுமுரடான வெல்டிங். ஒட்டுக்கு முன்னால், பெட்டி போன்ற ஃபிரேமின் கீழ்முகத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்தியதும் சாயத்தோடு உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது ஈர மண்ணும் துருத் தகடுகளும் கொட்டின.

ஃபிரேமின் வடிகால் துளைகள் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும். உப்பும் சேர்ந்தால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். மேலே அடிக்கும் கோட்டிங் அதை நிறுத்தாது, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். பட்டை ஸ்பிரிங்கின் பின்முனை ஃபிரேமின் சுமையைத் தாங்கும் இடம் அது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அங்கே இழுவையும் அழுத்தமும் மாறி மாறி விழும். வெல்டிங் விளிம்பில் இரும்பு ஏற்கெனவே மெலிந்திருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கணக்கும் முடிவும்

வேலைகளுக்குப் பட்டறை சொன்ன தொகை: ஃபிரேமிலிருந்து பாடியைத் தூக்கி, அழுகிய பகுதியை வெட்டிப் புதுத் தகடு வைக்கக் குறைந்தது 85,000. இரண்டு பக்க நக்கிள், கிங்பின் பேரிங், சீல்கள் 13,500. ஹப் ஜோடி 9,000. டயரைப் பழைய அளவுக்கு மாற்ற 28,000. டைமிங் பெல்ட், டென்ஷனர், எல்லா எண்ணெய்களும் 11,000. காகித வேலை 8,000. மொத்தம் 1,54,500. நாலு லட்சத்தில் அதைக் கழித்தால் 2,45,500. கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு 40,000 ஒதுக்கிவிட்டு, 2,05,000-க்குக் கேட்டார்கள். விற்பவர் 3,20,000 வரை இறங்கினார். அதற்குக் கீழே வரவில்லை. பேச்சு முறிந்தது. இரண்டு வாரத்தில் வேறொருவர் வாங்கிப் போனார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த 2,05,000 கேட்டதே தவறு. ஸ்க்ரூடிரைவர் உள்ளே போன நிமிடமே கிளம்பியிருக்க வேண்டும். பாடியைத் தூக்கிப் பார்க்கும் வரை 85,000 என்பது வெறும் ஊகம், உள்ளே திறந்தால் அது இரட்டிப்பாகலாம். எஞ்சினுக்கு மதிப்பீடு போடலாம், அழுகிய ஃபிரேமுக்குப் போட முடியாது. விற்பவர் ஒப்புக்கொண்டிருந்தால் தோட்டக்காரர் சிக்கியிருப்பார்.

இரண்டாவது வண்டி

அக்டோபரில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு 2009 வண்டி. கேட்டது 3,25,000. அழகு கிடையாது, துணிக்கூரை கிழிந்து தையல் போட்டது, இருக்கை பஞ்சு வெளியே. ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை, ஏற்கெனவே நாலு பேர் பார்த்துவிட்டுப் புகையைக் கண்டு திரும்பிப் போனதாக விற்பவரே சொன்னார்.

இந்த முறை வரிசை மாறியது: முதலில் ஃபிரேம். கோட்டிங் எதுவும் இல்லை, கம்பெனிச் சாயத்தின் மேல் காய்ந்த தோட்டத்து மண். தட்டிய இடமெல்லாம் ஒரே ஒலி. ஷேக்கிள், பாடி மவுண்ட், குறுக்குக் கட்டை எங்கும் மேல்துருவைத் தவிர வேறில்லை. ஃபிரேமில் பொறித்த சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள், ஆர்சியோடு பொருந்தியது. எச்பி இல்லை. கூரை, டயர், பம்பர் எல்லாம் ஆர்சியில் உள்ளபடி.

ஹப் சோதனையில் இரண்டு சக்கரமும் எதிரெதிராகச் சுற்றின. கம்ப்ரெஷன் 150, 148, 95, 145. மூன்றாவது சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்ததில் 95 என்பது 135 ஆனது. எண்ணெய் ஊற்றியும் ஏறாமல் இருந்தால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட், ஏறினால் பிஸ்டன் ரிங். ஆகவே செய்ய வேண்டியது என்ன, எவ்வளவு ஆகும் என்பது அந்த ஒரு ஸ்பூனிலேயே தெரிந்துவிட்டது: போர் செய்து, பிஸ்டன், ரிங், ஹெட் வேலை, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் உட்பட 58,000.

மற்றவர்களை விரட்டிய புகைதான் விலையைக் குறைத்தது. 2,55,000-க்கு முடிந்தது.

செலவு இப்படிப் போனது: எஞ்சின் 58,000, நக்கிள் இரு பக்கமும் 13,500, பிரேக் சிலிண்டரும் பேடும் 7,800, ஸ்டெப்னியோடு ஐந்து டயர் 28,000, கியர் ஆயில்களும் பெட்ரோல் குழாய்களும் 4,200, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் 9,500. வண்டி விலையோடு சேர்த்து 3,76,000. பெட்ரோல் குழாய் மாற்றியது உபரி வேலை மாதிரித் தோன்றலாம். இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2009-ன் ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிட்டால் கூலி மிச்சம்.

பிறகு நடந்தது

நவம்பர் மழையில் முதல் ஏற்றம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. ஹப் லாக், நாலு லோ (நாலு சக்கர இழுவையோடு லோ கியர்), இரண்டாவது கியர், ஆக்ஸிலரேட்டரைக் கூட்டாமல் ஒரே சீராக. அன்றைக்குச் சக்கரம் வழுக்கவில்லை.

கோளாறு இறக்கத்தில் வந்தது. மூன்றாவது நாள் 250 கிலோ சுமையோடு இறங்கும்போது, முதல் கியரில் எஞ்சின் பிடியில் வந்துகொண்டிருந்த வண்டி திடீரென்று விடுபட்டது. டிரான்ஸ்ஃபர் லீவர் நாலு லோவிலிருந்து தானாகத் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. நியூட்ரல் என்றால் எஞ்சினுக்கும் எந்தச் சக்கரத்துக்கும் தொடர்பில்லை, பிரேக் மட்டுமே மிச்சம். ஓட்டியவர் பிரேக்கை மிதித்து, மேட்டுப் பக்கம் ஒடித்து மண் திட்டில் சாய்த்து நிறுத்தினார். பத்து மீட்டர் வழுக்கியிருக்கும். யாருக்கும் அடியில்லை, ஒரு மூட்டை மட்டும் உருண்டது.

பட்டறையில் முதல் ஆள் "கியர் போச்சு, கேஸைப் பிரிக்கணும், 22,000 ஆகும்" என்றார். தோட்டக்காரர் உடனே ஒப்புக்கொள்ளாமல் வாங்கும் முன் வண்டியைப் பார்த்த மெக்கானிக்கிடமே கொண்டு போனார். ஜிப்ஸியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாக மூன்று ரப்பர் மவுண்டில் ஃபிரேமில் தொங்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு குட்டி ஷாஃப்ட். அவர் அடியில் படுத்துக்கொண்டு, மேலே ஒருவரை முன் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிக் கிளட்சை விட்டு விட்டுப் பிடிக்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் கேஸ் மொத்தமும் இரண்டு விரல் அளவு துள்ளியது. இரண்டு மவுண்டில் ரப்பர் கிழிந்து இரும்பு தெரிந்தது. ஏறும்போது சுழற்சி ஒரு பக்கம் தள்ளும், எஞ்சின் பிடியில் இறங்கும்போது மறுபக்கம் தள்ளும். கேஸ் அப்படிப் புரளும்போது லீவர் தரைத் துளையின் விளிம்பில் முட்டி வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. மூன்று மவுண்டும், கேஸைக் கழற்றிக் கீழே இறக்கியிருந்ததால் லீவரைப் பிடித்து வைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் சேர்த்து மாற்றியதில் கூலியோடு 3,600 ரூபாய். அதன்பின் இன்றுவரை துள்ளவில்லை.

2024-ல் 15 ஆண்டு முடிந்தது. தேதி முடிய 60 நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, 5,000 ரூபாய்க் கட்டணம், பசுமை வரி, கொஞ்சம் டிங்கரிங், விளக்கு வேலை எல்லாம் சேர்த்து 14,000. ஒரே நாளில் எஃப்சி கிடைத்தது. மாற்றம் செய்த பாகம் எதுவும் இல்லாததால் ஆய்வாளர் கேட்க ஒன்றுமில்லை. மொத்தச் செலவு 3,93,600.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

பெரிய குறை, இரண்டாவது வண்டியைச் சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்த்தது. பொள்ளாச்சியில் லோ கியர் விழுந்ததையும் இழுத்ததையும் பார்த்தார்கள், இறக்கத்தில் அது நிற்கிறதா என்று பார்க்கவில்லை. மலைக்கு வாங்கும் வண்டியை ஏதாவது ஒரு சரிவுக்குக் கொண்டுபோய், நாலு லோ முதல் கியரில், பிரேக் தொடாமல் இறக்கி, நடுவில் இரண்டு மூன்று தடவை ஆக்ஸிலரேட்டரை மிதித்து விட வேண்டும். லீவர் மேல் கை வைக்கக் கூடாது, கை வைத்தால் அதுவே பிடித்துக்கொள்ளும். சரிவு கிடைக்காத ஊராக இருந்தால் மவுண்டையாவது அடியில் படுத்துப் பார்த்திருக்கலாம், ஒரு நிமிட வேலை.

இரண்டாவது, பார்க்கும் வரிசை. முதல் வண்டியில் கம்ப்ரெஷனுக்கும் ஹப்புக்கும் இரண்டு மணி நேரம் செலவான பிறகே சுத்தியல் வெளியே வந்தது. அதற்குள் வண்டி பிடித்துப் போயிருந்தது, அதனால்தான் ஃபிரேமைப் பார்த்த பிறகும் விலை பேசினார்கள். செயலியில் ஆர்சி, பிறகு சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும், இவை இரண்டும் தேறினால் மட்டுமே சாவி.

மூன்றாவது சின்ன விஷயம். டயரைப் பொள்ளாச்சியிலேயே அவசரமாக வாங்கியதில் சாலை டயர் ஐந்தும் வந்துவிட்டது. சேற்றுக்கு ஆழ வெட்டு உள்ள டயர் அதே அளவில் கொஞ்சம் கூடுதல் விலைக்குக் கிடைத்திருக்கும். இந்த ஐந்தும் தேயும் வரை மழை மாதங்களில் பின்சக்கரத்துக்குச் சங்கிலி கட்டித்தான் அந்த 800 மீட்டர் ஏறுகிறார்கள்.